பீவர் பார்க்கப் போகிறவர்களுக்கு: குளம் தேடுவது, காற்றுப் பார்ப்பது, காத்திருப்பது

#1 மேப்பிள்நிழல்

எல்லாருக்கும் வணக்கம். செப்ரெம்பர் கடைசிக் கிழமையில் 3 நாள் ஒன்ராறியோவின் அல்கொன்குவின் மாகாணப் பூங்காப் பக்கம் போகிறோம். அணை கட்டி வாழ்கிற பெரிய கொறிணியான பீவரை அதன் சொந்தக் குளத்தில், அது தன்பாட்டில் வேலை செய்யும்போது பார்க்க வேணும். அதுதான் பயணத்தின் நோக்கமே.

கேட்க வேண்டியவை இவைதான். எந்தக் குளத்தில் பீவர் இப்போதும் இருக்குது, எது கைவிட்ட குளம் என்று எப்படி அறிவது? எத்தனை மணிக்குப் போய் எங்கே இருக்க வேணும்? 8×42 பைனாகுலர் இருக்குது, 400 மி.மீ. லென்ஸ் இருக்குது. தானியங்கிக் கமரா ஒன்று வாங்கிக் கட்டிவிடலாமா? எங்களோடு 70 வயது தாண்டிய அம்மா ஒருவரும் வாறா, கரடுமுரடான பாதையில் கனதூரம் நடக்கமாட்டா.

#2 குளக்கரை

கனபேர் பிழைவிடுகிற இடமே உங்கள் முதல் கேள்விதான். பீவர் வீட்டைக் கண்டவுடன் அதற்கு முன்னால் குந்திவிடுவார்கள். தடிகளும் சேறும் சேர்த்துக் கட்டிய வீடு, பீவர் போனபின்பும் வருசக்கணக்கில் அப்படியே நிற்கும். கரையில் இருக்கிற தீனி மரங்களான அஸ்பென், பேர்ச், வில்லோ தீர்ந்துபோனால் குடும்பம் முழுக்க இடம் மாறிவிடும். வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டு 3 மணித்தியாலம் நுளம்புக்கடி வாங்குவதில் பயனில்லை.

பகலில் ஒருதரம் போய் நோட்டம் விடுங்கோ. முதலில் பார்க்க வேண்டியது அணையை. ஆள் இருக்கிற அணையில் தண்ணீர் விளிம்புவரை நிற்கும், மேல்வரியில் கறுத்த ஈரச்சேறு அப்பியிருக்கும், அதற்குள் பட்டை உரித்த வெள்ளைத் தடிகள் செருகியிருக்கும். கைவிட்ட அணையில் புல்லும் ஆல்டர் செடியும் முளைத்திருக்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் அணை உடைந்து தண்ணீர் ஓடும், குளத்தைச் சுற்றி வறண்ட சேற்று வளையம் தெரியும்.

அடுத்தது வீடு. நீங்கள் போகிற காலத்தில் குளிருக்காகப் புதுச்சேறு பூசத் தொடங்கியிருக்கும். உச்சியில் மட்டும் பூசாது, அது காற்றுப் போக்கி. உச்சி தவிர மற்ற இடமெல்லாம் புதுச்சேறு என்றால் உள்ளே குடும்பம் இருக்குது.

மூன்றாவது அடையாளம் தீனிக் குவியல், இலையுதிர்காலத்தில் இதற்கு மேல் சாட்சி வேண்டாம். வீட்டு வாசலுக்கு முன்னால் தண்ணீருக்குள் கொப்புகளைக் கொண்டுவந்து அமிழ்த்தி அடுக்கும். மேலே நிற்கிற கொப்புகளின் இலைகள் வாடியும் வாடாமலும் தெரியும். குளம் உறைந்தபின் பனிக்கட்டிக்குக் கீழால் நீந்திவந்து இதிலிருந்துதான் சாப்பிடும். செப்ரெம்பர் கடைசியில் சின்னதாகத் தொடங்கி ஒக்ரோபரில் பெரிதாகும்.

வெட்டிய அடிமரங்களையும் பாருங்கோ. புதுவெட்டு வெளிர்மஞ்சளாய் ஈரமாய் இருக்கும், சிராய்கள் மிதித்தால் மெதுமெதுவென்று இருக்கும். சாம்பல் நிறமென்றால் பழையது. பல்லின் தடம் ஒவ்வொன்றும் அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அகலம் இருக்கும். வேறு எந்தக் கொறிணியும் இங்கே அப்படி வெட்டாது. பாதி அரிந்து நிற்கிற மரத்துக்குக் கீழே, அதுவும் காற்று நாளில், நிற்கவேண்டாம். மரம் எந்தப் பக்கம் விழவேணும் என்று பீவர் திட்டமிடுவதில்லை.

ஆற்றங்கரையிலும் பெரிய ஏரியிலும் இருப்பவை வீடு கட்டாமல் கரையைக் குடைந்தும் வாழும். அங்கே வீட்டைத் தேடவேண்டாம். கரையோரம் மிதக்கிற உரித்த தடிகளும், தண்ணீருக்குள் இறங்குகிற வழுக்குப் பாதையும்தான் துப்பு.

வீட்டிலிருந்தே முன்வேலை செய்யலாம். செய்மதிப் படத்தில் சிற்றாறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கோ. ஓரிடத்தில் ஆறு திடீரென்று அகன்று, கீழ்ப்பக்கம் வளைந்த கோடொன்று தெரிந்து, தண்ணீருக்குள் பட்டமரங்கள் நின்றால் அது பீவர் குளம். அல்பேர்ட்டாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் இருக்கிற, உலகிலேயே நீளமான பீவர் அணையை 2007இல் ஜான் தீ என்பவர் இப்படிப் படம் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். 700 மீற்றருக்கு மேல் நீளம்.

#3 வாட்டர்லூவாசி

குளக்கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். தமிழ்ச் செய்திகளில் பீவரை ‘நீர்நாய்’ என்று எழுதுகிறார்கள், அது தவறு. நீர்நாய் என்பது காவிரியில் நாம் பார்க்கும், மீன் தின்னும் ஊனுண்ணி. அதன் உறவுகள் கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடம்புள்ள மார்ட்டென், வீசல் வகைகள். பீவர் எலி, அணில் இனத்தைச் சேர்ந்த கொறிணி, மீனைத் தொடவே தொடாது. சிலர் ‘நீரெலி’ என்கிறார்கள். அதுவும் 20 கிலோ விலங்குக்குப் பொருந்தவில்லை, இங்கே உள்ள மஸ்க்ராட் என்ற சின்னக் கொறிணிக்குத்தான் பொருந்தும். அதனால் பீவர் என்றே எழுதுவோம்.

களத்திலும் இந்த மூன்றையும்தான் மாற்றிச் சொல்வார்கள். அந்தி வெளிச்சத்தில் தூரத்தில் ஒரு தலை நகர்ந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

பீவர் நீந்தும்போது தலை மட்டும் ஒரு முரட்டுக் கட்டை மாதிரி வெளியே தெரியும். சில நேரம் முதுகின் ஒரு கீற்று. வால் தெரியாது. போக்கு நேராக, நிதானமாக, பின்னால் அகலமான அலைக்கோட்டோடு இருக்கும்.

மஸ்க்ராட் நீந்தும்போது முதுகு முழுக்க மேலே தெரியும். பின்னால் மெல்லிய வால் பாம்பு நெளிவது மாதிரி இடம் வலமாக ஆடும். அந்த வாலைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. எடை ஒன்றரை கிலோவைத் தாண்டுவது குறைவு. அது கட்டும் வீடு சம்புப்புல்லாலும் சேற்றாலும் ஆனது, மரத்தடி இருக்காது. ஆனால் பீவர் வீட்டுக்குள்ளேயே மஸ்க்ராட் குடியிருப்பதும் உண்டு. ஆகவே வீட்டிலிருந்து வந்ததெல்லாம் பீவர் என்று எழுதிவிடாதீர்கள்.

நீர்நாய் ஒரு இடத்தில் நிற்காது. முங்கும், எழும், கழுத்தை நீட்டி எட்டிப்பார்க்கும், மூச்சைச் சீறிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்றாக வரும்.

பீவரின் குட்டியை மஸ்க்ராட் என்று நினைக்கும் தவறும் நடக்கிறது. குட்டிகள் மே, ஜூனில் பிறக்கின்றன. ஜூலையில் வெளியே தெரியும்போது மஸ்க்ராட் அளவுதான் இருக்கும். அப்போதும் வாலைத்தான் பார்க்க வேண்டும். குட்டிக்கும் தட்டை வால்தான்.

#4 குளக்கரை

நன்றி வாட்டர்லூத் தம்பி. பேர் விசயத்தில் எனக்கும் அதே கருத்து.

இனி நேரமும் இடமும். செப்ரெம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைவது மாலை 7 மணியளவில். 5:30க்கு முன்னமே போய் இருந்துவிட வேணும். பீவர் வெளியே வாற நேரத்துக்கு நீங்கள் நடந்துகொண்டிருந்தால் அன்றைய பின்னேரம் முடிந்தது. இலையுதிர்காலத்தில் வேலை கூட இருப்பதால் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வரும். ஜூனில் சூரியன் மறைவது 9 மணிக்கு, அப்போது 7:30க்குப் போனால் போதும். விடியற்காலையும் நல்லது. ஆனால் இருட்டில் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரவேணும், அதுவரை அது வெளியில்தான் திரியும். புது ஆட்களுக்குப் பின்னேரம்தான் சுகம்.

இடம் தெரிவதில் முழு விசயமும் காற்றுத்தான். பீவருக்குக் கண் மந்தம். மூக்கும் காதும் கூர்மை. ஆடாமல் இருக்கிற ஆளை 15 மீற்றரில்கூடக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். அதே ஆளின் மணம் பட்டால் 60 மீற்றரிலேயே திரும்பிவிடும்.

பின்னேரக் காற்றில் ஒரு தந்திரம் இருக்குது. பகலில் வீசுகிற காற்றைப் பார்த்து இடம் பிடிப்பீர்கள். சூரியன் இறங்கினதும் அந்தக் காற்று அடங்கிவிடும். சரிவுகளில் குளிர்ந்த காற்றுக் கனத்துக் கீழே வழியத் தொடங்கும். வழிந்து குளத்துக்குள் இறங்கி, ஓடை போகிற திசையிலேயே அணையைத் தாண்டிப் போகும். நீங்கள் மேட்டில் வசதியாக இருந்தால் உங்கள் மணம் முழுக்க நேரே குளத்துக்குள் இறங்கும். ‘ஏழு மணிவரை நல்லா இருந்தது, பிறகு ஒன்றும் வரேல்லை’ என்று சொல்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே அணை இருக்கிற பக்கம், அதாவது குளத்தின் கீழ்முனையில், கரையோரமாகத் தாழ்வான இடமாகப் பாருங்கோ. வீட்டிலிருந்து 30 முதல் 40 மீற்றர் தள்ளி. அணைக்கு மேலே ஏறி இருக்கக் கூடாது. பீவர் ஏறி இறங்குகிற வழுக்குப் பாதைக்கு 10 மீற்றராவது விலகி இருங்கோ. முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ புதரோ இருக்க வேணும், இல்லாவிட்டால் வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் தெரியும். காற்றின் திசை அறிய மெல்லிய நூலொன்றைக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டால் போதும், அரைமணிக்கு ஒருக்கால் பாருங்கோ.

மடக்குக் கதிரை கட்டாயம். நிலத்தில் குந்தினால் 20 நிமிசத்தில் கால் மரத்து அசையத் தொடங்குவீர்கள். நைலோன் மேலங்கி சரசரக்கும், கம்பளியோ ஃபிளீஸோ போடுங்கோ. தண்ணீர்ப் போத்தல், பைனாகுலர், தொப்பி எல்லாம் முன்னமே வெளியில் எடுத்து மடியில் வைத்துவிடுங்கோ. பையின் சிப் திறக்கிற சத்தம் குளம் முழுக்கக் கேட்கும்.

வீட்டு வாசல் தண்ணீருக்கு அடியில் இருப்பதால் அது வெளியே வாறதை நேரே பார்க்க ஏலாது. வீட்டிலிருந்து சின்னக் குமிழிகள் ஒரு வரிசையாக நகரும், பிறகு சற்றுத் தள்ளித் தலை எழும்பும். முதலில் வாறது பெரும்பாலும் பெரியது. வந்ததும் வேலைக்குப் போகாது. மூக்கை நீட்டிக்கொண்டு குளத்தை ஒரு சுற்றுச் சுற்றும். அந்தச் சுற்று முடியும்வரை பைனாகுலரைக்கூடத் தூக்க வேண்டாம். சுற்று முடிந்து அது சாப்பிடத் தொடங்கிவிட்டால் பிறகு உங்களுக்குக் கனநேரம் கிடைக்கும்.

#5 சம்புப்புல்

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அல்கொன்குவினுக்குள்ளால் போகிற நெடுஞ்சாலை 60இல் 45.2ஆவது கிலோமீற்றரில் இருக்கிற பீவர் குளப் பாதை 2 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்ற இறக்கமும் வேர்களும் உண்டு, இருட்டில் திரும்பிவர வயதானவர்களுக்குச் சரிவராது. (அங்கே கிலோமீற்றர்க் கணக்கு மேற்கு வாசலிலிருந்து தொடங்குது.) 15.4ஆவது கிலோமீற்றரில் தொடங்குகிற மிஸி ஏரிப் பாதை விலங்குகள் பார்க்க மிக நல்லது, ஆனால் 10 கிலோமீற்றருக்கு மேல். நாயைக் கூட்டிப்போக ஏலாது.

அம்மாவுக்காக ரொறன்ரோவிலேயே ஒரு பின்னேரம் ஒதுக்குங்கோ. ஏரிக்கரையில் ரொமி தொம்சன் பூங்காவின் பிரதான பாதை தார்போட்ட சமதளம். உள்ளே இருக்கிற குளங்களிலும் வளைகுடாக்களிலும் பீவர் இருக்குது. மரங்களின் அடியில் கம்பிவலை சுற்றியிருக்கும், பீவர் அரியாமல் இருப்பதற்குத்தான். வலை சுற்றாத மரங்களில் புதுவெட்டைத் தேடுங்கோ. வாசல் திறக்கிற நேரங்களை முன்னமே பார்த்துவைக்க வேணும். ஸ்காபரோப் பக்கம் என்றால் ரூஜ் நகரத் தேசியப் பூங்காவின் ஈரநிலங்களிலும் இருக்குது.

அல்கொன்குவினுக்கு நாள் அனுமதிச்சீட்டு வேணும். இலை நிறம் மாறுகிற காலத்துச் சனி ஞாயிறுகளில் தீர்ந்துபோகும். 5 நாளுக்கு முன்னமே இணையத்தில் பதியலாம், கிழமை நாளாகப் பார்த்துப் போங்கோ.

பூச்சிகள்: மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை கறுப்பு ஈயும் நுளம்பும் பொறுக்க ஏலாது. செப்ரெம்பர் கடைசியில் பெரும்பாலும் தொல்லை இல்லை. பூச்சி மருந்தைக் காரடியிலேயே பூசிவிட்டு நடங்கோ, குளக்கரையில் தெளிக்கவேண்டாம். டீட் என்ற இரசாயனம் உள்ள மருந்து கையில் இருக்கும்போது பைனாகுலரைத் தொட்டால் பிளாஸ்ரிக்கும் ரப்பரும் கரைந்து பிசுபிசுக்கும். இக்காரிடின் 20 வீதம் உள்ளது அப்படிச் செய்யாது.

உண்ணி விசயத்தில் கவனம். ரூஜ் பக்கம் லைம் நோய் பரப்புகிற கறுங்கால் உண்ணி இருக்குது, இலையுதிர்காலத்திலும் ஏறும். நீளக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுப் போடுங்கோ. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் பாருங்கோ. குளத்துத் தண்ணீரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்க வேண்டாம், ஜியார்டியா என்ற வயிற்றோட்டக் கிருமி இருக்கும்.

இன்னொன்று. அது மூஸ் என்கிற பெரிய கடமான்கள் இணைசேருகிற காலம். ஆண் கடமான் குளத்துக்கு வந்தால் படம் எடுக்க எழும்ப வேண்டாம், மரத்தின் மறைவுக்குப் போங்கோ.

#6 ஏரிக்காத்து

ஒரு காணொளியில் பார்த்தேன். அணையில் ஒரு சின்ன இடைவெளி எடுத்துவிட்டால் அதை அடைக்க உடனே வெளியே வருமாம். அரைமணியில் பார்த்துவிடலாமே, எதற்கு இவ்வளவு காத்திருப்பு?

#7 குளக்கரை

தயவுசெய்து செய்யாதேங்கோ. யார் செய்தாலும் தடுங்கோ.

முதலாவது, சட்டம். ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சொத்துப் பாதுகாப்புக்காகவோ பொறிவைக்கும் உரிமத்தோடோ அல்லாமல் பீவர் அணையைச் சேதப்படுத்துவது குற்றம். மாகாணப் பூங்காவுக்குள் எதையும் தொடவே கூடாது.

இரண்டாவது, அணையைத் திறந்தால் பீவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கோ. குளத்தின் ஆழம்தான் அதன் பாதுகாப்பு. வாசல் தண்ணீருக்கு அடியில் இருப்பதால்தான் ஓநாய் உள்ளே போக ஏலாது. மாரியில் அடிவரை உறையாமல் இருந்தால்தான் தீனிக் குவியலுக்குப் போய்வரலாம். இலையுதிர்காலத்தில் தீனி சேர்க்க இருக்கிற இரவுகள் கொஞ்சம். அதில் ஒரு இரவை அணை திருத்தவே செலவழிக்க வைப்பது, குட்டிகளின் மாரித் தீனியில் கைவைப்பதுதான்.

மூன்றாவது, உங்கள் நோக்கத்துக்கும் உதவாது. நீங்கள் அணையில் நின்று கையால் தொட்ட இடமெல்லாம் மனித மணம். தண்ணீர் ஓடுகிற சத்தம் பீவரை அணை கட்டத் தூண்டும் என்பது உண்மைதான். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் வில்சன் ஓடும் நீரின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டபோது, தண்ணீரே ஓடாத இடத்தில் பீவர்கள் சேற்றையும் தடியையும் கொண்டுவந்து அடைத்தன. ஆனால் அது எப்போது வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பெரும்பாலும் நல்ல இருட்டினபிறகு வரும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

#8 ஏரிக்காத்து

விளங்குது அண்ணை. குட்டிகளின் தீனி விசயம் யோசிக்கவில்லை. அந்தக் காணொளியின் கீழும் இதை எழுதிவிடுகிறேன்.

#9 வாட்டர்லூவாசி

நல்லது. வாலடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தெரியாமல் போனால் முதல் அடியிலேயே எழுந்து ஓடிவிடுவீர்கள்.

பீவர் பயந்தால் வாலைத் தூக்கித் தண்ணீரில் அறைந்துவிட்டு முங்கும். அமைதியான குளத்தில் பெரிய கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும். அது குடும்பத்துக்கு எச்சரிக்கை. சாதாரணமாக 2 முதல் 5 நிமிடம் முங்கியிருக்கும், தேவைப்பட்டால் 15 நிமிடம்வரைகூட. அதனால் ‘போய்விட்டது’ என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே ஒரு அடி என்றால் அப்படியே அசையாமல் 20 முதல் 30 நிமிடம் இருங்கள், பெரும்பாலும் திரும்ப வரும். குட்டியும் விளையாட்டுக்கு அடிக்கும், பெரியவை அதை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. ஆனால் பெரிய பீவர் உங்கள் எதிரே மேலும் கீழுமாக நீந்திக்கொண்டே திரும்பத் திரும்ப அடித்தால் உங்களைக் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். எழுந்து வந்துவிடுங்கள். அன்று உட்கார்ந்திருப்பது அதைப் பட்டினி போடுவதுதான்.

காதைத் திறந்து வையுங்கள். இருட்டும் நேரத்தில் கண்ணைவிடக் காதுக்கே அதிகம் கிடைக்கும். கரை ஓரமாகக் குந்தி, விரல் தடிமனுள்ள ஒரு தடியை இரண்டு முன்கையாலும் பிடித்து உருட்டிக்கொண்டே பட்டையைக் கரம்பும். நாம் மக்காச்சோளக் கதிரைக் கடிக்கிற மாதிரியேதான். கறகறவென்று வேகமாக ஓடி, நின்று, தடி ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஓடும். ஒரு தடி முடிந்ததும் வெள்ளையாக அதைத் தண்ணீரில் விட்டுவிடும். தூரத்தில் அந்த ஓசை கேட்கும்போது பைனாகுலரில் தேடினால் முன்பற்களின் ஆரஞ்சு நிறம்கூடத் தெரியும். எனாமலில் உள்ள இரும்புதான் அந்த நிறம். பின்பக்கம் மென்மையாக இருப்பதால் அது முதலில் தேய்ந்து முன்விளிம்பு உளி மாதிரி கூராகவே நிற்கிறது.

உடம்பு துவட்டும்போதும் பாருங்கள். வாலை முன்னால் மடித்து அதன்மேல் உட்காரும். பின்காலின் இரண்டாவது விரலில் பிளந்த நகம் ஒன்று உண்டு, அதுதான் சீப்பு. வயிற்றை இரண்டு கையாலும் பரபரவென்று சொறிந்து எண்ணெய்ப்பசையை மயிரில் தடவும். இதை அது செய்தால் உங்களைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை என்று அர்த்தம்.

#10 இராக்கேமரா

தானியங்கிக் கேமரா பற்றி. பூங்காவுக்குள் கட்டிவிட்டு வருவதற்கு முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம். 3 நாள் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், அதற்கு ஒரே இடத்தில் இரண்டு வாரமாவது வேண்டும். ஆனாலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பீவருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன.

இந்தக் கேமராக்கள் வெப்ப வேறுபாட்டில்தான் விழித்துக்கொள்ளும். நீந்தும் பீவரில் வெளியே தெரிவது நனைந்த தலை மட்டும், அதன் மேற்பரப்பும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே வெப்பம். அதனால் தண்ணீரைப் பார்த்துக் கட்டினால் வாத்துதான் கிடைக்கும், பீவர் கிடைக்காது. கரையேறும் வழுக்குப் பாதை, அணையைக் கடந்து போகும் தேய்ந்த தடம், ஏப்ரல் மே மாதங்களில் மணமேடு, இவற்றைப் பார்த்துக் கட்டுங்கள். மணமேடு என்பது சேற்றைக் குவித்து அதன்மேல் காஸ்டோரியம் என்ற தன் உடம்பில் சுரக்கும் மணத்திரவத்தை விட்டு எல்லை குறிக்கும் இடம். முகர்ந்தால் தோலும் புகையும் கலந்த மணம் வரும். தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்றால் விழிப்பு முறையை அணைத்துவிட்டு, மாலை 5 முதல் 9 வரை 15 வினாடிக்கு ஒரு படம் என்று நேர இடைவெளி முறையில் போடுங்கள்.

உயரம் 40 முதல் 60 செ.மீ., தடத்துக்குக் குறுக்கே அல்லாமல் சாய்வாக. தூரம் 2 முதல் 3 மீட்டர். லென்ஸ் வடக்கே பார்க்கட்டும், கிழக்கு மேற்கு என்றால் வெயில் நேரே விழும். அகச்சிவப்பு விளக்கு 940 நானோமீட்டர் வகை வாங்குங்கள். 850 வகையில் மங்கலான சிவப்புப் பொட்டு தெரியும், ஆனால் அதன் வெளிச்சம் தூரம் போகும். 3 மீட்டருக்கு 940 தாராளம். குளிரில் அல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் போடுங்கள்.

யாரும் எதிர்பார்க்காத கோளாறு ஒன்று: நீர்மட்டம். இலையுதிர்காலத்தில் பீவர் அணையை உயர்த்தும். இன்று தண்ணீர் விளிம்பில் 40 செ.மீ. உயரத்தில் கட்டிய கேமரா இரண்டு வாரம் கழித்துத் தண்ணீருக்குள் இருக்கும். கரையிலிருந்து மேடான பக்கத்து மரத்தில்தான் கட்ட வேண்டும். அஸ்பென் மரத்தில் கட்டாதீர்கள், அதைச் சாப்பிட்டுவிடும். ஊசியிலை மரமாகப் பாருங்கள்.

#11 மேப்பிள்நிழல்

எல்லாருக்கும் மிக்க நன்றி. தானியங்கிக் கமரா வேண்டாம் என்று முடிவு. கையில் இருக்கிற 400 மி.மீ. லென்ஸுக்கு அந்தி வெளிச்சத்தில் என்ன அளவு வைக்கலாம்? சிவப்பு ரோச் லைற் பாவிக்கலாமா?

#12 இராக்கேமரா

கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள். மேலிருந்து எடுத்தால் பீவர் ஒரு பழுப்புக் கட்டைதான். மூன்றுகால் தாங்கியை விரிக்காமல் பைக்குள் அரிசியோ பயறோ போட்டு அதன்மேல் லென்ஸை வையுங்கள், சத்தமும் இல்லை.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 1600, வினாடியில் 500இல் ஒரு பங்கு. மறைந்த பிறகு ஐ.எஸ்.ஓ. 6400வரை ஏற்றி, உட்கார்ந்து சாப்பிடும் பீவருக்கு 125இல் ஒரு பங்குவரை இறங்கலாம். நனைந்த கறுத்த மயிர், மினுங்கும் தண்ணீர் என்பதால் கேமராவின் கணிப்பு ஏமாறும். வானம் தண்ணீரில் பிரதிபலித்தால் பீவர் கறுப்பாகிவிடும், அரை முதல் முக்கால் படி கூட்டுங்கள். ஒலியில்லா ஷட்டர் கட்டாயம். குவியம் தேடும் சின்ன உதவி விளக்கு பல கேமராக்களில் தானாக எரியும், வீட்டிலேயே அணைத்துவிட்டு வாருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

#13 குளக்கரை

சிவப்பு வெளிச்சம் பற்றி என் கருத்துக் கொஞ்சம் இறுக்கமானது. மங்கலான சிவப்பைப் பீவர் பெரிதாகப் பொருட்படுத்தாது என்பது சரிதான். ஆனால் கையில் லைற் இருந்தால் ஆட்கள் அதைக் குளத்துக்குள் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். திரும்பி நடக்கிறதுக்கு மட்டும் வையுங்கோ, கீழே நிலத்தைப் பார்த்து.

#14 வாட்டர்லூவாசி

இதில் ஒத்துப்போக முடியவில்லை அண்ணா. ஒரு துணியைச் சுற்றி மங்கலாக்கிய சிவப்பு விளக்கை அசையாமல் ஒரே இடத்தில் வைத்தால், இருட்டிய பிறகு தீனிக் குவியலுக்குக் கொப்பு இழுத்து வருவதைப் பார்க்கலாம். ஆட்டாமல் வைப்பதுதான் நிபந்தனை. குட்டி இருக்கும் ஜூலையில் அதையும் தவிர்க்கலாம்.

#15 சம்புப்புல்

இரண்டு பேர் சொல்வதும் சரி. புது ஆட்களுக்குக் குளக்கரை சொன்னதுதான் பாதுகாப்பு.

மாரியில் போகிற எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. பீவர் மாரித்தூக்கம் போடாது, உள்ளேயே விழித்திருக்கும். வெளியில் பார்க்கக் கிடைப்பது குறைவு, ஆனால் வீட்டில் ஆள் இருக்கா என்று அறிய அதுதான் நல்ல காலம். சைபருக்குக் கீழே 15 பாகை இருக்கிற விடியற்காலையில் வீட்டின் உச்சியைப் பாருங்கோ. உள்ளே இருக்கிற உடம்புகளின் சூடும் மூச்சும் காற்றுப் போக்கியால் ஏறி அங்கே உறைபனி பூத்திருக்கும், சிலவேளை ஆவி எழும்புவதே தெரியும். பனி மூடாமல் ஒரு பொட்டு உருகியிருக்கும். இதைக் கரையிலிருந்து பைனாகுலரில் பாருங்கோ. வீட்டடிக்கு நடந்து போகக் கூடாது. மற்ற ஏரிகளில் 10 சென்ரிமீற்றர் தெளிந்த கட்டி என்றால் ஆள் நடக்கலாம் என்பார்கள். அந்தக் கணக்குப் பீவர் குளத்தில் செல்லாது. வாசல், நீச்சல் வழி, அணையடி எல்லாம் அது போய்வருகிற இடம். மேலே பனி மூடியிருந்தாலும் கட்டி அங்கே மெல்லிசாய்த்தான் இருக்கும்.

#16 குளக்கரை

மேப்பிள்நிழல், போகிற மூன்று பின்னேரமும் ஒரே குளத்துக்கே போங்கோ. ஒவ்வொரு நாளும் புதுக்குளம் தேடினால் ஒவ்வொரு நாளும் முதல்நாள்தான். முதல்நாள் எங்கே கரையேறுது, எந்தப் பக்கத்து மரத்துக்குப் போகுது என்று மட்டும் பாருங்கோ. இரண்டாம் நாள் கதிரையை அதற்கேற்ப மாற்றலாம்.

சின்னக் கொப்பியில் எழுதுங்கோ: இருந்த நேரம், சூரியன் மறைந்த நேரம், காற்றுத் திசை மாறிய நேரம், முதல் தலை தெரிந்த நேரம், ஒரே நேரத்தில் கண்ட ஆகக்கூடிய எண்ணிக்கை, என்ன மரக்கொப்பு இழுத்தது, வாலடி எத்தனை. ஒரே நேரத்தில் கண்டதைத்தான் எண்ண வேணும். ஒன்றே நாலுதரம் கடந்து போகும். ஒரு வீட்டில் பெற்றோர், போன வருசத்துப் பிள்ளைகள், இந்த வருசத்துக் குட்டிகள் என்று 4 முதல் 8 வரை இருக்கும். இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள் வசந்தத்தில் வெளிக்கிட்டுவிடும்.

புதுச்சேறு அப்புகிறதைக் கண்டால் விட்டுவிடாதேங்கோ. குளத்து அடியிலிருந்து சேற்றை நெஞ்சோடு அணைத்து, நாடியால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பின்காலில் நிமிர்ந்து வீட்டின் சரிவில் ஏறி வரும். மேலே வந்ததும் இரண்டு கையாலும் தள்ளி அமத்திவிட்டு வழுக்கிக்கொண்டே தண்ணீருக்குள் போகும். வாலால் சேறு பூசும் என்பது கட்டுக்கதை, வால் அப்போது பின்னால் ஊன்றுகோலாய் நிற்கும்.

வெளிக்கிடும்போது எல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்து, கதிரையை மடிக்காமலே தூக்கிக்கொண்டு 50 மீற்றர் பின்னால் வந்து மடியுங்கோ. அடுத்தநாள் பின்னேரம் அதே நேரத்துக்கு அது வெளியே வரும்.

#17 மேப்பிள்நிழல்

கொப்பியில் கோடு போட்டுவிட்டேன். அம்மாவுக்கு முதல்நாள் ரொமி தொம்சன், பிறகு எங்களுக்கு 45.2ஆவது கிலோமீற்றர்ப் பீவர் குளம். அணைப்பக்கம் கீழ்முனையில் கதிரை, கொப்பில் நூல், 5:30க்கு முன்னம்.